படம் பார்த்தாயிற்று, புத்தகம் எதற்கு?

உளவுக் கதைகளைப் பற்றி நம்மவர்களிடையே நெடுநாளாக வேரூன்றிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. அவை முடிச்சுக்காகவே எழுதப்படுகின்றன, முடிச்சுக்காகவே படிக்கப்படுகின்றன. முடிச்சு அவிழ்ந்த பிறகு அவற்றில் மிஞ்சுவது காகிதமும் மையுமே. ஆகையால் ஓர் உளவு நாவலைத் திரைப்படமாகப் பார்த்துவிட்டவர் மறுபடியும் அந்த நாவலைத் தேடிப் போவது வீண் பிரயாசை என்பதே அது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பது என் திடமான எண்ணம். அதை எடுத்துச் சொல்வதற்கு நான் வசிக்கும் புதுச்சேரியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இந்தியாவில் வேறில்லை என்றும் சொல்வேன்; ஏனெனில், உலகப் புகழ் பெற்ற ஒரு நாவலும் இந்த ஊரின் சரித்திரமும் ஒரே ஆண்டில், ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒன்றை ஒன்று உரசிச் செல்கின்றன.

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆனால், 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் உடனே சம்மதம் தந்துவிடவில்லை. அல்ஜீரியாவில் நடந்துகொண்டிருந்த கொடிய யுத்தம் ஒரு முடிவுக்கு வரும்வரையில், சாம்ராஜ்யத்தின் எந்தத் துண்டையும் சட்டபூர்வமாகக் கைவிடுவதற்குப் பாரிஸ் நகரத்து அரசியல்வாதிகள் தயங்கினார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்த பிறகுதான் நம்முடைய ஒப்பந்தத்துக்கும் விமோசனம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று. அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 22-ஆம் தேதி மாலை, பாரிஸுக்கு வெளியே பெத்தி-கிளமார் என்னுமிடத்தில் பிரெஞ்சு ஜனாதிபதி சார்ல் தெ கோலின் மோட்டார் வண்டியை மறித்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். அல்ஜீரியாவைக் கைவிட்ட துரோகி என்று அவரைச் சபித்துக்கொண்டிருந்த இரகசிய இராணுவக் கூட்டத்தாரின் வேலை அது. தெ கோலும் அவருடைய மனைவியும் உயிர் தப்பினார்கள். சதிக்குத் தலைமை வகித்த பாஸ்தியன்-திரி என்ற இராணுவ அதிகாரி 1963 மார்ச் 11-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த மரண தண்டனையின் விடியற்காலையில்தான் ஃபிரெடரிக் ஃபோர்சித்தின் ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ தொடங்குகிறது. நாவலின் முதல் பக்கத்தில் அந்த மனிதர் கம்பத்தில் கட்டப்பட்டு நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு வரையில், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று புதுச்சேரிக் குடும்பங்கள் யோசித்துக்கொண்டிருந்தன. ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம் அவர்களுக்குத் தரப்பட்டிருந்தது. தெ கோலின் எதிரிகள் எந்தச் சாம்ராஜ்யத்தின் அழிவுக்காக அவரைக் கொல்லத் துடித்தார்களோ, அதே சாம்ராஜ்யத்தின் கடைசிக் கணக்கு நம் வீட்டுக் கூடங்களிலும் தீர்ந்துகொண்டிருந்தது.

நான் குடியிருக்கும் வைத்திக்குப்பம் நகரத்தின் வடபுறத்தில், குருசுக்குப்பத்தை ஒட்டிக் கடலைப் பார்த்துக் கிடக்கும் மீனவர் குடியிருப்பு. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகச் சுற்றுப்புறத்துத் தெய்வங்களெல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் அடையாளம் தெரியும். இந்தக் கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சொல்தா என்று ஊரார் அழைக்கும் பிரெஞ்சு இராணுவத்து ஓய்வூதியக்காரர்கள் வாழ்ந்த வீடுகள் இருக்கின்றன. இந்தோசீனத்திலும் அல்ஜீரியாவிலும் சேவகம் செய்து, மார்பில் பதக்கம் தரித்து, ஜூலை 14-ஆம் தேதியன்று கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன் அணிவகுத்து நின்றவர்கள் அவர்கள். ஃபோர்சித்தின் நாவலை லண்டனில் படிப்பவருக்கு ‘பதக்கம் அணிந்த முதிய பிரெஞ்சுச் சிப்பாய்’ ஒரு பாத்திரம். புதுச்சேரியில் படிப்பவருக்கோ அவர் எதிர்வீட்டுத் தாத்தா.

அந்த நாவலை 1973-இல் ஃபிரெட் ஸின்னமன் படமாக்கினார். எட்வர்ட் ஃபாக்ஸ், தெ கோலைக் கொல்ல வரும் ‘ஜாக்கல்’ என்ற கூலிக் கொலைகாரனாகவும், மைக்கேல் லோன்ஸ்டேல் துப்பறிபவராகவும் நடித்த அந்தப் படம், உளவுப் படங்களின் வரிசையில் முதன்மையானவற்றுள் ஒன்று. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் அதைப் பார்த்து மயங்கிப்போய் என்னிடம் வந்து பேசினான். புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் புரட்டிவிட்டுத் திரும்ப நீட்டினான்.

“படம் பாத்தாச்சே மாமா! யாரு சாவுறான், யாரு தப்பிக்கிறான், எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இனிமே இத எதுக்குப் படிக்கணும்?”

“தெ கோல் சாக மாட்டார்னு படம் பாக்குறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். அதான் சரித்திரத்துல இருக்கே.”

“அப்புறம் எதுக்குடா ரெண்டு மணி நேரத்துக்கு மேல கண்ணு கொட்டாம பாத்த?”

பிள்ளை பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

ஃபோர்சித்துக்கும் இதே கேள்வியைப் பதிப்பாளர்கள் கேட்டார்கள் என்பது இலக்கிய சரித்திரம். அறுபதுகளின் தொடக்கத்தில் ராய்ட்டர் நிறுவனத்தின் நிருபராகப் பாரிஸில் வேலை பார்த்த அவர், கையில் காசில்லாத ஒரு காலத்தில், 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முப்பத்தைந்தே நாளில் அந்த நாவலை எழுதி முடித்ததாகச் சொல்லியிருக்கிறார். எழுதி முடித்தபோது தெ கோல் உயிரோடு இருந்தார். ‘ஜனாதிபதியைக் கொல்ல ஒருவன் வருகிறான் என்று கதை சொல்கிறீர், ஜனாதிபதியோ கொல்லப்படவில்லை என்பது உலகத்துக்கே தெரியும், முடிவு தெரிந்த கதையை எவன் காசு கொடுத்து வாங்குவான்?’ என்ற நியாயத்தின் பேரில் கையெழுத்துப் பிரதி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து திரும்பி வந்தது. 1970 நவம்பர் 9-ஆம் தேதி தெ கோல் தம் இல்லத்தில் இயற்கையாகவே காலமானார். 1971-இல் வெளிவந்த நாவல் உலகமெங்கும் இலட்சக்கணக்கில் விற்றது. அதாவது, அந்த நாவலை முதன்முதலில் வாங்கிப் படித்த ஒவ்வொருவரும், படம் பார்த்துவிட்டுப் படிக்கிற நம்முடைய நிலையிலேயே இருந்தார்கள். முடிவு தெரிந்தே அவர்கள் படித்தார்கள். இராத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டும் படித்தார்கள்.

இதில் தமிழர்களாகிய நாம் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற இந்த வட்டாரத்து ஜனங்களில், துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்பது தெரியாத குழந்தைகூடக் கிடையாது. தெரிந்திருந்தும் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது செய்தியன்று. இன்ன வேஷக்காரர் இன்ன இடத்தில் எப்படி அடியெடுத்து வைக்கிறார், எந்தச் சொல்லில் நின்று எந்தச் சொல்லில் பொங்குகிறார் என்பதே அவர்களுடைய அக்கறை. கதை தெரிந்துவிட்டது என்ற நிம்மதியே அவர்களை இத்தனை நுட்பமான ரசிகர்களாக ஆக்கியிருக்கிறது. ‘என்ன நடந்தது’ என்ற பதற்றம் நீங்கிய மனம், ‘எப்படி நடந்தது, ஏன் நடந்தது’ என்ற இடத்தில் சாவதானமாகத் தங்குகிறது.

ஜாக்கலின் கதையில் அப்படித் தங்கத் தகுந்த ஓர் இடத்தைக் காட்டுகிறேன். சதிக்காரர்களின் தலைவனுக்கு மெய்க்காவலனாக இருப்பவன் கோவல்ஸ்கி என்ற போலந்துக்காரன். பிரான்சின் வெளிநாட்டார் படையில் சேர்ந்து இந்தோசீனத்திலும் அல்ஜீரியாவிலும் போராடிய மிருக பலம் படைத்தவன். படத்தில் அவனுக்குப் பெயர் மாறியிருக்கிறது. ரோமாபுரியின் தெருவில் அவனைப் பிடித்துக் கட்டித் தூக்கிப் போகிறார்கள், வதைத்துச் செய்தியைக் கறக்கிறார்கள். சில நிமிஷங்களில் அவனுடைய கதை முடிந்துவிடுகிறது. நாவலில் அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். மார்செய் நகரத்தில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்கிற சின்னஞ்சிறு பெண் அவள். உலகத்தில் அவன் நேசிக்கும் ஒரே ஜீவன். அந்தக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருக்கிறது என்று ஒரு பொய்க் கடிதத்தைப் பிரெஞ்சு இரகசியத் துறையார் தயாரித்து அவன் கைக்குக் கிடைக்கும்படி செய்கிறார்கள். கட்டளையை மீறக் கூடாது என்று இளமை முதல் பழக்கப்பட்ட அந்த முரடன், தலைவனிடம் சொல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகக் காவலை விட்டு மகளைப் பார்க்க ஓடுகிறான், அகப்பட்டுக்கொள்கிறான்.

இந்த இடத்தைப் படிக்கும் வாசகரின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் ஒரு தகப்பனின் பாசத்தைத் தூண்டிலாக்கிப் பிடிக்கிறார்கள். குற்றவாளியின் பக்கம் நிற்பவனோ அந்தப் பாசத்தினாலேயே அழிகிறான். ஜனாதிபதியின் உயிரைக் காக்க இதுவும் அவசியந்தானா என்று கேட்டால், அவசியந்தான் என்று புத்தி சொல்கிறது; மனசு ஒப்ப மறுக்கிறது. உளவு என்ற தொழிலின் முழுத் தர்ம சங்கடமும் அந்தச் சில பக்கங்களில் அடங்கிக் கிடக்கிறது. படம் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஸின்னமனைக் குறை சொல்வதும் நியாயமன்று. இரண்டரை மணி நேரத்துக்குள் ஓர் ஐரோப்பாவையே சுற்றி வர வேண்டிய இயக்குநர், மெய்க்காவலனின் மகளுக்காக மார்செய்க்குப் போய்வர முடியாது. ஆனால், அந்த மகளைப் பார்க்க வேண்டுமானால் நாம்தான் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று. கடைசிக் காட்சியில், ஊன்றுகோலுக்குள் துப்பாக்கியை ஒளித்து, ஒற்றைக்கால் முதிய சிப்பாயாக வேஷம் தரித்துவந்த கொலைகாரன் குறி பார்த்துச் சுடுகிற அதே கணத்தில், பதக்கம் பெறும் வீரரின் கன்னத்தில் முத்தமிடுவதற்காகத் தெ கோல் குனிகிறார். குண்டு தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. படத்தில் இதைப் பார்க்கிறவருக்கு அது அதிர்ஷ்டமாகத் தோன்றும். நாவலோ, பிரெஞ்சுக்காரரின் அந்தச் சம்பிரதாயம் ஆங்கிலேயனான கொலைகாரனின் கணக்கில் வரவில்லை என்பதை நமக்கு உணர்த்துகிறது. வாரக் கணக்கில் காற்றையும் தூரத்தையும் கோணத்தையும் கணக்கிட்டவன், ஓர் அந்நிய ஜாதியாரின் வாழ்த்தும் முறையைக் கணக்கிட மறந்தான்! இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு உபசரிக்கும் பிரெஞ்சு வழக்கத்தைத் திருமண வீடுகளில் கண்டு பழகிய புதுச்சேரிக்காரருக்கு இந்த இடம் அளிக்கும் ரசனை வேறு ஊராருக்குக் கிட்டுமா என்பது எனக்குச் சந்தேகமே.

உளவுத் தொழிலின் உண்மையான சுபாவத்தை அறிய விரும்புகிறவர்களுக்கும் இந்த ஊரின் பழைய நாட்கள் நல்ல பாடம் சொல்லும். 1908-இல் பாரதியார் இங்கே அடைக்கலம் புகுந்து ‘இந்தியா’ பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார். 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அவ்வாண்டின் பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து பிரிட்டிஷ் இந்தியாவின் ரகசியப் போலீஸாரும் வந்தார்கள். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, இந்தத் தெருக்களில் வேவுகாரர்களின் நடமாட்டம் இன்னும் பெருகிற்று. சந்து முனையில் நிற்பது, யார் எந்த வீட்டுக்குள் போகிறார் என்று குறித்துக்கொள்வது, தபாலைப் பிரித்துப் பார்ப்பது, வேலைக்காரர்களுக்குக் காசு கொடுத்து வார்த்தை பிடுங்குவது ஆகிய இவற்றைத்தான் அவர்கள் வருஷக் கணக்கில் செய்தார்கள். துப்பாக்கிச் சண்டையும் இல்லை, மோட்டார்த் துரத்தலும் இல்லை.

ஒரு சம்பவம் மட்டும் எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படத் தக்கது. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது வாளியோடு ஒரு ஜாடி மேலே வந்தது. அதற்குள் இராஜத் துரோகமான எழுத்துகளும் படங்களும் அடைத்துவைக்கப்பட்டிருந்தன. இதைப் போட்டுவிட்டுப் போனவர்கள், அடுத்தபடியாகப் பிரெஞ்சுப் போலீஸாரை அழைத்துவந்து ‘கண்டுபிடிக்கச்’ செய்வதற்காகவே போட்டிருக்கிறார்கள் என்பது உள்ளேயிருந்தவர்களுக்கு நொடியில் விளங்கிவிட்டது. கலந்து பேசிய பிறகு, தாங்களாகவே பிரெஞ்சு அதிகாரிகளிடம் சொல்லி அந்த ஜாடியை ஒப்படைத்தார்கள். விசாரணைக்காக அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்த பிரெஞ்சு நீதி அதிகாரிக்கு அங்கே கிடைத்தவை வெடிகுண்டுகள் அல்ல. கிரேக்க, லத்தீன் கிரந்தங்கள். அவற்றைக் கண்ட மாத்திரத்தில் அவருடைய சந்தேகம் மரியாதையாக மாறிவிட்டது என்று அரவிந்தரின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படமாக எடுத்தால் ஜாடி மேலே வரும் காட்சி பிரமாதமாக அமையும். ஆனால் அதன் உயிர் வேறெங்கோ இருக்கிறது. ஜாடியைத் திறந்ததிலிருந்து அதை ஒப்படைக்கும் வரையில் அந்த மனிதர்கள் பட்டிருக்கக்கூடிய பாடு, வேலைக்காரர்களில் யார், அண்டை வீட்டாரில் யார், நேற்றுக் காலையில் காப்பி குடித்துவிட்டுப் போன நண்பர்தானோ என்றெல்லாம் அலைந்திருக்கும் சந்தேகம் ஆகியவற்றைக் காமிராவால் காட்ட இயலாது. எழுத்தினால் மட்டுமே சொல்ல இயலும். உளவுக் கதையின் மூலப்பொருள் சந்தேகம். சந்தேகமோ மனத்துக்குள் நடக்கிற காரியம்.

ஜான் லெ காரே இதை நன்கு அறிந்த எழுத்தாளர். தாமே பிரிட்டிஷ் உளவுத் துறையில் பணியாற்றியவர். 1963-இல் வெளிவந்த ‘தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்’ அவருக்குக் கீர்த்தி தந்தது. 1965-இல் ரிச்சர்ட் பர்ட்டன் நடிக்கப் படமும் ஆயிற்று. 1974-இல் வந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ நாவலை பி.பி.சி. 1979-இல் ஏழு பகுதிகளாக எடுத்தது. 2011-இல் கேரி ஓல்ட்மன் நடித்து இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் ஒரு திரைப்படமாகவும் வந்தது. உளவுத் துறையின் தலைமைக்குள்ளேயே அந்நியனுக்கு வேலை செய்யும் துரோகி ஒருவன் இருக்கிறான். ஓய்வு பெற்ற ஸ்மைலி என்ற மனிதர் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்: இவ்வளவுதான் கதை. நாவலில் ஸ்மைலி செய்கிற பெரிய சாகசம் என்ன தெரியுமா? ஒரு சாதாரண விடுதி அறையில், இரவு முழுவதும், பழைய கோப்புகளைப் படிக்கிறார். ஒரு தேதி மற்றொரு தேதியோடு ஒட்டாமல் நிற்கிறது. ஒரு கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எப்போதோ ஒரு சிநேகிதர் சொன்ன சமாதானம் இப்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும், கோப்பு ஒன்று எப்படிப் பொய் சொல்லும் என்பது தெரியும். அந்த ஞானத்தையே வீரதீரமாக ஆக்கிக் காட்டிய நாவல் அது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பலர், ‘பாதி புரியவில்லை’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நாவலைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. முகங்கள் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டன. துரோகி யார் என்பதும் தெரியும். இனி அவன் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இரட்டை அர்த்தத்தோடு படிக்கலாம். முதல் தடவை படிப்பவருக்கு வாய்க்காத இன்பம் இது. அன்பாகப் பேசும்போது எந்த அளவுக்கு நடிக்கிறான், எந்த அளவுக்கு நிஜமாகவே நேசிக்கிறான் என்பதை அளந்துகொண்டே போகலாம். அந்த நாவலின் துக்கமெல்லாம் அந்த அளவையில்தான் இருக்கிறது.

நம்முடைய மொழியில் இதற்கு உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொன்ன வள்ளுவரின் மொழி இது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ சரித்திர நாவல் என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் எலும்புக்கூடு உளவுக் கதையினுடையது. ஓலை கொண்டுபோகும் தூதன், முதன்மந்திரியின் ஒற்றனான ஆழ்வார்க்கடியான், பழிவாங்க வந்த பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள், நிலவறைகள், முத்திரை மோதிரங்கள் என்று எதுதான் இல்லை அதில்? கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிச் சதியாலோசனை செய்வதை வந்தியத்தேவன் ஒளிந்திருந்து பார்க்கும்போது, எதிர்ச் சுவரின்மேல் ஒரு தலை தெரிகிறது. பார்த்தால் அது ஆழ்வார்க்கடியானின் தலை! கேட்பவனைக் கேட்பவன் ஒருவன். இதைவிடச் சுருக்கமாக உளவின் இலக்கணத்தை யாரும் சொல்லிவிட முடியாது.

மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்தபோது, பார்த்துவிட்டுப் படிப்பதா, படித்துவிட்டுப் பார்ப்பதா என்ற விவாதம் நம் வீடுகளிலெல்லாம் நடந்தது. படத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு இரண்டு சமாசாரம் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, சோழ சிங்காதன விவகாரத்தில் கல்கி வைத்திருக்கும் மிகப் பெரிய முடிச்சு, பூக்காரச் சேந்தன் அமுதனைப் பற்றியது; படம் அதைத் தொடவே இல்லை. ஆகவே, படம் பார்த்ததனால் முடிவு தெரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் முடிவு தெரியாது. இரண்டாவது, கந்தமாறனின் தங்கை மணிமேகலை. அந்தப் பெண்ணே படத்தில் கிடையாது. அரசியல் சதிகளுக்கு நடுவே, ஒருவராலும் கவனிக்கப்படாமல் ஒரு வெகுளிப் பெண் காதலித்துச் சித்தம் கலங்கிப் போவதையும், ஐந்து பாகத்துக் கதையின் முடிவில் கல்கி அவளை எங்கே கொண்டுபோய்க் கிடத்துகிறார் என்பதையும் படித்தவர் மறக்கமாட்டார். நந்தினியின் சூழ்ச்சியையும் குந்தவையின் ராஜதந்திரத்தையும் இரண்டு படங்களில் அடக்கிவிடலாம். மணிமேகலைக்கு இரண்டாயிரம் பக்கம் வேண்டியிருக்கிறது.

சுஜாதாவின் ‘விக்ரம்’ வேறு வகை. 1986-இல் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த அந்தப் படத்துக்கான கதை குமுதத்தில் தொடராகவும் வந்து, பின்னர் புத்தகமாயிற்று. களவு போன ‘அக்னி புத்திரன்’ என்ற ஏவுகணையைத் தேடி ஓர் உளவாளி சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறான். இந்தியாவின் மெய்யான அக்னி ஏவுகணை முதன்முதலில் பறந்தது 1989 மே 22-ஆம் தேதிதான் என்பதை நினைக்கும்போது, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த அந்த எழுத்தாளரின் முன்னுணர்வு வியப்பைத் தருகிறது. இங்கே நாவல் முதலில் பிறந்து படம் பின்னால் வந்ததாகச் சொல்ல முடியாது; இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கோவல்ஸ்கியின் மகளைப் போல மறைந்து கிடக்கும் ஆழம் எதையும் புத்தகத்தில் எதிர்பார்க்க வேண்டாம். சுஜாதாவின் வேகத்தையும் அந்தத் துள்ளும் வாக்கியங்களையும் விரும்புகிறவர்கள் ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். மற்றவர்களுக்குப் படமே போதும். 2022-இல் அதே உளவாளியின் பெயரில் வந்த லோகேஷ் கனகராஜின் படத்துக்கு அந்தப் புத்தகம் துணை செய்யாது.

இயான் ஃப்ளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் நாவல்களைப் பொறுத்தவரையில், படம் பார்த்தவர் நாவலைப் பார்த்தவரே அல்லர் என்று சொல்லிவிடலாம். 1979-இல் ‘மூன்ரேக்கர்’ படத்தில் பாண்ட் ஆகாயத்துக்கே பறந்துபோகிறார். 1955-இல் வந்த நாவலில் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதில்லை. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்து, உதயப்பூரில் படமான ‘ஆக்டோபஸி’ (1983), பெயரைத் தவிர மூலச் சிறுகதையிலிருந்து சொற்பமே எடுத்துக்கொண்டது. ராபர்ட் லட்லமின் ‘தி போர்ன் ஐடென்டிடி’யும் அவ்வாறே: 1980-இல் வந்த நாவல் வியட்நாம் யுத்தத்தின் புண்ணிலிருந்து பிறந்தது, 2002-இல் வந்த படம் நினைவிழந்த நாயகனை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வழியே போயிற்று. இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லட்லமின் புத்தகம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. படத்தின் சிக்கனம் அதைவிட மேலானது. ஃப்ளெமிங்கின் பக்கங்களிலோ பெண்களைப் பற்றியும் பிற தேசத்தாரைப் பற்றியும் படிக்கிறபோது முகம் சுளிக்க வைக்கும் இடங்கள் பல உண்டு. எல்லா மூலமும் நகலைவிட உயர்ந்தது என்று நான் வாதிக்கவில்லை. தழுவல் சில சமயம் வேறொரு நிலத்தில் வேரூன்றித் தனக்கென்று ஓர் உயிரைப் பெற்றுவிடுவதும் உண்டு. ஜாக்கலின் கதையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்து, முதலமைச்சரைச் சுதந்திர தினத்தன்று கொல்ல வரும் கூலிக் கொலைகாரனின் கதையாக்கிச் சிபி மலயில் எடுத்த ‘ஆகஸ்ட் 1’ (1988) என்ற மலையாளப் படம் அத்தகையது.

ஆகவே, எந்த நாவலைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தியது துரத்தலும் வெடியும் என்றால், புத்தகத்தில் அவை பாதிதான் கிடைக்கும், விட்டுவிடலாம். யாரையும் நம்ப முடியாத ஒரு மனிதரின் முகம் உங்களை நிறுத்தியிருந்தால், அவசியம் படியுங்கள். அந்த முகத்துக்குப் பின்னால் இருப்பதைச் சொல்வதற்கென்றே அந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்கிறது. லெ காரேயை இந்த நோக்கத்தோடு முதலில் எடுங்கள், அடுத்து ஃபோர்சித், தமிழில் கல்கி. படத்துக்கும் புத்தகத்துக்கும் நடுவே சில மாதங்கள் இடைவெளி விடுவதும் நல்லது. நடிகர்களின் முகம் சற்று மங்கிப்போகட்டும், இல்லாவிட்டால் எட்வர்ட் ஃபாக்ஸ் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வந்து நிற்பார்.

புதுச்சேரியில் 1827-இல் தோன்றி, பின்னாளில் ரோமன் ரோலண்டின் பெயரைத் தாங்கிய பொது நூலகம் இன்றைக்கும் ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு நூலகம் இருக்கும். அடுத்த முறை ஓர் உளவுப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வரும்போது, ‘இதற்கு மூலப் புத்தகம் உண்டா?’ என்று நூலகரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் முதல் ஐம்பது பக்கங்களில் கைவிட்டுவிடாதீர்கள். லெ காரேயும் ஃபோர்சித்தும் அந்த ஐம்பது பக்கங்களில் வாசகரின் பொறுமையைச் சற்றே சோதிப்பவர்கள்.